ஒன்பதரை மணி யாருடையது? ராதிகாவின் சின்னத்திரைப் பயணம்: ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ் சீரியல் பார்க்கும் வீடுகளில் எல்லோருக்கும் பழக்கமான ஒரு வரி உண்டு: 'இனி இவருக்குப் பதில் இவர்.' நேற்று வரை மருமகளாக அழுதுகொண்டிருந்த முகம் இன்று இருக்காது. அந்த இடத்தில் புது முகம் நிற்கும். வீடு அதே வீடு, மாமியார் அதே மாமியார், தாலிகூட அதே தாலி. திரையின் கீழே சில விநாடிகள் அந்த வரி வந்து போகும். இரண்டு வாரத்தில் பார்க்கிறவர்களுக்குப் பழகிவிடும். போனவர் ஏன் போனார் என்று யாரும் சொல்வதில்லை. சம்பளமா, உடல்நிலையா, கல்யாணமா, கம்பெனியோடு மனக்கசப்பா, எதுவும் தெரியாது.

சின்னத்திரை நடிகையின் தொழில் வாழ்க்கையை ஆராய வேண்டுமென்றால் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். அவருடைய நிலைமை எவ்வளவு பலவீனமானது என்பதை அந்த ஒற்றை வரி சொல்லிவிடுகிறது. ஆயிரம் எபிசோடு நடித்தாலும் கதாபாத்திரம் அவருக்குச் சொந்தமில்லை. அப்படியிருக்க, ஏறக்குறைய இருபது வருடம், ஒரே சேனலில், ஒரு தொடர் முடிந்தால் அடுத்தது என்று நாயகியாகவே இருந்தவர் ஒருவர் உண்டு. அவர் ராதிகா. அவரை அவ்வளவு எளிதாக 'பதில்' போட முடியவில்லை. நல்ல நடிகை என்பதால் மட்டும் இது நடந்துவிடவில்லை. நல்ல நடிகைகள் பலரையும் மாற்றியிருக்கிறார்கள். ராதிகாவின் கையில் வேறொன்று இருந்தது.

சினிமாக் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எம்.ஆர்.ராதாவின் மகள். 1978-ல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் பாஞ்சாலியாக அறிமுகம். அதன்பின் தமிழிலும் தெலுங்கிலும் முன்னணி நாயகி. 1985-ல் வந்த 'மீண்டும் ஒரு காதல் கதை' படத்துக்கு அவரே தயாரிப்பாளர். அதை இயக்கிய பிரதாப் போத்தனுக்கு, சிறந்த அறிமுக இயக்குநர் படத்துக்கான தேசிய விருது அந்தப் படத்தால் கிடைத்தது. 1993-ல் 'கிழக்குச் சீமையிலே' விருமாயி. இதில் நமக்கு முக்கியம் 1985. இருபதுகளின் தொடக்கத்திலேயே பணம் போட்டுப் படம் எடுத்துப் பார்த்தவர் அவர். கணக்குப் புத்தகம் அவருக்குப் புதிதில்லை.

சினிமாவில் கதாநாயகிக்கு முப்பது வயதில் கதவு சாத்த ஆரம்பிக்கும். அதன்பின் அக்கா, அண்ணி, அம்மா. தன்னோடு ஜோடியாக நடித்த ஹீரோவுக்கே அம்மாவாக நடிக்க வேண்டிய நிலைகூட வரும். 1999-ல் ராதிகாவுக்கு முப்பதுகளின் பிற்பகுதி. அந்த வயதில் அவர் டிவிக்கு வந்ததைப் பலர் 'சினிமா முடிந்துவிட்டது, அதனால் சீரியல்' என்றுதான் பார்த்தார்கள். அன்றைக்கு அந்த எண்ணம் நியாயமானதாகவும் தெரிந்திருக்கும். சின்னத்திரை என்ற சொல்லிலேயே ஒரு படி கீழே என்ற தொனி இருந்த காலம் அது.

சரி, அவர் கையில் என்ன இருந்தது என்று பார்ப்போம். அதற்கு அந்த அரை மணி நேரத்தின் வியாபாரம் புரிய வேண்டும். தூர்தர்ஷன் காலத்திலிருந்தே ஒரு முறை உண்டு. தயாரிப்பாளர் சேனலுக்கு ஒளிபரப்புக் கட்டணம் கட்டுவார். பதிலுக்கு அந்த அரை மணிக்குள் குறிப்பிட்ட விநாடிகள் விளம்பர நேரம் அவருக்குக் கிடைக்கும். எஃப்.சி.டி என்பார்கள். அதை அவரே சோப்புக் கம்பெனிக்கும் நகைக்கடைக்கும் விற்றுக்கொள்ள வேண்டும். விற்ற பணத்தில் தொடரின் செலவு, ஒளிபரப்புக் கட்டணம் எல்லாம் போக மிஞ்சியது லாபம். மிஞ்சாவிட்டால் நஷ்டமும் அவருடையதுதான். 1993-ல் தொடங்கிய சன் டிவியும் இந்த வழியில்தான் நீண்ட காலம் நடந்தது. 'ஸ்லாட் வாங்குவது' என்று தொழிலில் சொல்வது இதைத்தான். நாயகிக்கோ இயக்குநருக்கோ அந்த அரை மணி சொந்தமில்லை. ஸ்லாட் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முதலாளி.

ராதிகா ஸ்லாட்டை வாங்கினார். அவருடைய ராடான் மீடியாவொர்க்ஸ் 1999-ல் கம்பெனியாகப் பதிவானது; பின்னால் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டது. அதே 1999 டிசம்பர் 20 அன்று சன் டிவியில் 'சித்தி' தொடங்கியது. நாயகியும் அவர்தான், அந்த நாயகிக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனியும் அவருடையதுதான். இதற்குப்பின் நடந்ததெல்லாம் இந்த ஏற்பாட்டிலிருந்து வந்தவை என்பதுதான் என் வாதம்.

சித்தி என்ற தலைப்பையே கொஞ்சம் கவனியுங்கள். தமிழில் சித்தி என்றால் அம்மாவின் தங்கை, சிறுவயதில் மடியில் போட்டு வளர்த்தவள். அதே சொல்லுக்கு அப்பாவின் இரண்டாம் தாரம் என்றும் பொருள். 'சித்தி கொடுமை' என்று ஊரில் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஒரே சொல்லில் பாசமும் பயமும் இருக்கிறது. தொடரில் சிவகுமாரின் இரண்டாம் மனைவியாக ராதிகா நடித்த சாரதா, அந்தப் பயத்தை எதிர்த்து ஒவ்வொரு நாளும் தன்னை நிரூபிக்க வேண்டியவள். மாமியார் மருமகள் சண்டை இல்லாமலேயே ஒரு பெண்ணுக்கு இவ்வளவு பெரிய சோதனையை வைக்க முடியும் என்று கண்டுபிடித்தது கதை செய்தவர்களின் கெட்டிக்காரத்தனம். இயக்கியவர் சி.ஜே.பாஸ்கர். தலைப்புப் பாடலுக்கு இசை தினா, குரல் நித்யஸ்ரீ மகாதேவன். கர்நாடக சங்கீத மேடையில் கேட்ட குரல் ஒரு சீரியலின் தொடக்கத்தில் வந்தது அன்று பெரிய விஷயம். தினாவை இன்றும் 'சித்தி' தினா என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2001 நவம்பரில் முடிந்தபோது 467 எபிசோடு ஆகியிருந்தது. தெலுங்கில் 'பின்னி' என்று போனது. இன்றைய தொடர்களோடு ஒப்பிட்டால் 467 சின்ன எண்தான். கதை முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது என்ற மனநிறைவு அதில் உண்டு. பின்னால் வந்தவற்றில் அந்த மனநிறைவு எனக்குக் குறைந்துகொண்டே போனது.

இந்த இடத்தில் சாதாரணமாக ஒரு சீரியல் நாயகியின் நாள் எப்படிப் போகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பீடு புரியாது. சென்னையில் வளசரவாக்கம், போரூர், சாலிகிராமம் பக்கமெல்லாம் படப்பிடிப்புக்கென்றே வாடகைக்கு விடும் வீடுகள் உண்டு. ஷூட்டிங் ஹவுஸ். அப்படி ஒரு வீட்டில் ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ராதிகாவின் தொடர் இல்லை, வேறொன்று. காலையில் நாயகி வந்து இறங்கும்போதே அவருடைய பெட்டியும் இறங்கியது. அதில் இருந்த புடவைகள் எல்லாம் அவர் சொந்தக் காசில் வாங்கியவை. சீன் பேப்பர் அன்று காலையில்தான் வந்தது. மேக்கப் போட்டுக்கொண்டே அதைப் புரட்டினார். கேமரா ஓடத் தொடங்கியதும் உதவி இயக்குநர் ஓரமாக நின்று வசனத்தை வரி வரியாகச் சொல்ல, இவர் முகத்தில் உணர்ச்சியோடு அதைத் திருப்பிச் சொன்னார். பிராம்ப்டிங் என்று பெயர். காதில் ஒரு குரலைக் கேட்டுக்கொண்டே கண்ணில் நீரை வரவைப்பது எவ்வளவு கடினம் என்பதை அருகில் நின்று பார்த்தால்தான் தெரியும். அன்று மட்டும் எட்டு சீன் எடுத்தார்கள். மூன்று சீனில் அழுகை. ஒவ்வொரு சீனுக்கும் முன்னால் ஒரு பையன் போனில் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, வளையல் கலர் சரியா, பொட்டு எந்த அளவு என்று சரிபார்த்தான். அந்தப் பெண்ணின் பெயரை அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான்.

திரையில் வரும்போது குரல் வேறொருவருடையதாக இருக்கும். சம்பளம் நாள் கணக்கு. கதையின் 'டிராக்' இந்த மாதம் நாத்தனார் பக்கம் போய்விட்டால் நாயகிக்கே நாட்கள் குறையும். வருமானமும் குறையும். ஆனால் வேறு தொடருக்குக் கால்ஷீட் கொடுக்க யோசிக்க வேண்டும், எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. முகம் அவருடையது. குரல், கதை, நேரம் எல்லாம் அடுத்தவர்களுடையவை. அப்படிப்பட்டவரை மாற்றுவதற்கு ஒரு வரி போதும்.

ராதிகாவுக்கு இதில் எதுவும் பொருந்தவில்லை. அந்தக் கரகரத்த குரல் அவருடையதே. டிராக் எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற பேச்சு நடக்கும் அறையில் அவரும் உட்கார்ந்திருப்பார். விளம்பரம் கொடுப்பவர்கள் பார்ப்பது அவருடைய முகத்தை. அந்த முகம் மாறினால் ஸ்லாட்டின் மதிப்பே மாறும். அதனால் அவரை மாற்ற முடியாது என்பது வியாபாரத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

அப்புறம் வரிசையாக வந்தன: 'அண்ணாமலை' (2002–2005), 'செல்வி' (2005–2006), 'அரசி' (2007–2009), 'செல்லமே' (2009–2013), 'வாணி ராணி' (2013–2018). பெரும்பாலும் இரவு ஒன்பதரை மணி. 'ஒன்பதரைக்கு ராதிகா' என்பது பஸ் நேரம் மாதிரி ஜனங்களுக்கு மனப்பாடம் ஆனது. ஒரு தொடர் முடிகிற வாரமும் அடுத்தது தொடங்குகிற வாரமும் பல தடவை ஒட்டியே வரும். 'அண்ணாமலை'யை விட்டுவிட்டுத் தலைப்புகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: சித்தி, செல்வி, அரசி, செல்லமே, வாணி ராணி. எல்லாமே யாரோ ஒருவர் ஒரு பெண்ணைக் கூப்பிடும் சொற்கள். ஐம்பது வயதைத் தொட்ட ஒரு பெண்ணை மையத்தில் வைத்து, ஆணின் துணையில்லாமல் தினமும் அரை மணி நேரத்தை ஓட்டிக்காட்டியது சாதாரணச் சாதனை இல்லை. அதே வருடங்களில் சினிமா அவரை எந்த இடத்தில் வைத்தது என்று பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2016-ல் வந்த 'தெறி'யில் விஜய்க்கு அம்மா. நன்றாகவே செய்திருந்தார். ஆனால் அன்று இரவு ஒன்பதரைக்கு அவர்தான் நாயகி, அதுவும் இரண்டு நாயகி.

'வாணி ராணி' பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இரட்டைச் சகோதரிகள், அண்ணன் தம்பியைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். வாணி வக்கீல், ராணி குடும்பத் தலைவி. இரண்டும் ராதிகா. சினிமாவில் இரட்டை வேடம் என்றால் சில சீன்கள்தான் இருவரும் சேர்ந்து வருவார்கள், அதற்கு நாள் கணக்கில் நேரம் இருக்கும். தினசரித் தொடரில் அது கிடையாது. வாணி பேசும் ஷாட்டை எடுக்கும்போது எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு டூப் நிற்க வேண்டும். பிறகு புடவை, கொண்டை எல்லாம் மாற்றிக்கொண்டு வந்து, அதே சண்டையை எதிர்ப்பக்கத்திலிருந்து நடிக்க வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரு சீனுக்கு இரண்டு சீன் வேலை. நிதானமானவள் இவள், படபடப்பானவள் அவள் என்ற அளவு கொஞ்சம் தப்பினாலும் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம். இதை வாரம் முழுக்க, ஆறு வருடம், 1743 எபிசோடுக்குச் செய்திருக்கிறார். 'சித்தி'யைப் போல நான்கு மடங்குக்குச் சற்றே குறைவு. தயாரிப்பாளர் வேறொருவராக இருந்தால் ஒரு நடிகையிடம் இந்த உழைப்பைக் கேட்டிருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். இங்கே கேட்டவரும் கொடுத்தவரும் ஒருவரே.

அந்த 1743-ஐப் புகழும்போதே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆறு வருடக் கதை அதுவும் வாரம் ஆறு நாள் ஓட வேண்டுமென்றால், கடத்தல், கொலைப்பழி, ஆள்மாறாட்டம், சிறை என்று ஏதாவது வந்துகொண்டே இருக்க வேண்டும். 'சித்தி'யின் சாரதாவிடம் இருந்த வீட்டுக்குள்ளான, சின்னச் சின்ன வலி இங்கே காணாமல் போனது. ஸ்லாட் சொந்தம் என்பதில் ஒரு பொறியும் இருக்கிறது. விளம்பரம் விற்றுக்கொண்டிருக்கும்வரை கதையை முடிக்க மனம் வராது. கீழே லைட் பாய் வரை அத்தனை பேருக்கும் தினச் சம்பளம் அந்த அரை மணியிலிருந்துதான் போகிறது. கதாசிரியருக்கு முடிக்கத் தோன்றும்போது முதலாளிக்கு முடியாது. இந்தத் தொழிலில் நான் பார்த்த பெரிய சோகம் இதுதான்: நல்ல கதை ஓடினால் அது ஓடுவதாலேயே கெட்டுப்போகிறது.

பக்கத்தில் இரண்டு தொடர்களை வைத்துப் பார்க்கலாம். 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை ஓடியது, 1533 எபிசோடு. அபியாக தேவயானி. தமிழ் சீரியல் நாயகிகளில் அபி அளவுக்கு வீடுகளுக்குள் மரியாதை பெற்ற கதாபாத்திரம் குறைவு. ஆனால் அந்தத் தொடரின் கடிவாளம் இயக்குநர் திருச்செல்வத்திடம் இருந்தது. முடிந்தபோது தேவயானி அடுத்த வாய்ப்பு என்ன என்று பார்க்க வேண்டிய நடிகை. ராதிகாவோ ஒரு தொடர் முடியும்போதே அடுத்ததற்குப் பூஜை போடுகிறவர். திருமுருகனின் 'மெட்டி ஒலி' (2002–2005) இன்னொரு வழியைக் காட்டியது. பெரிய நட்சத்திரம் யாருமில்லாமல், ஐந்து அக்கா தங்கைகளையும் ஒரு அப்பாவையும் வைத்தே ஊரைக் கட்டிப்போடலாம் என்று. அதில் நடித்த பெண்கள் பலரை இன்றும் அந்தக் கதாபாத்திரமாகவே ஜனங்கள் நினைவு வைத்திருக்கிறார்கள். பெயர் நிலைத்தது, பிடி கிடைக்கவில்லை. குட்டி பத்மினி, குஷ்பு போன்ற சிலர்தான் ராதிகாவைப் போல நடிப்பிலிருந்து தயாரிப்புக்கும் கை நீட்டினார்கள். இந்த வழி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. இருபது வருட சினிமாப் புகழும், கடன் கிடைக்கும் பெயரும், சேனலின் கதவைத் தட்டும் செல்வாக்கும் இல்லாத ஒரு பெண்ணிடம் 'நீயும் ஸ்லாட் வாங்கு' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

அந்த ஏற்பாடே பின்னால் மாறியது. 2017, 2018 வாக்கில் சன் டிவி ஸ்லாட் விற்கும் முறையிலிருந்து நகர்ந்து, தானே பணம் கொடுத்துத் தொடர்களை எடுக்கச் சொல்லும் முறைக்குப் போகத் தொடங்கியது. விளம்பர நேரம் சேனலிடமே இருக்கும். தயாரிப்புக் கம்பெனிக்கு எபிசோடுக்கு இவ்வளவு என்று பணம். தயாரிப்பாளருக்கு நஷ்ட பயம் குறைவு. அதே அளவுக்கு உரிமையும் குறைவு. முதலாளி என்பவர் காண்ட்ராக்டர் போல ஆகிறார். 'வாணி ராணி' 2018 டிசம்பரில் முடிந்தது. ராஜ பரம்பரைப் பின்னணியில் அடுத்து வந்த 'சந்திரகுமாரி' முந்தைய தொடர்களைப் போல நிற்கவில்லை, 2019-லேயே முடிந்துவிட்டது.

அதே வருடக் கடைசியில் அவர் வேறொரு சேனலில் தெரிந்தார். கலர்ஸ் தமிழில் 'கோடீஸ்வரி', பெண்கள் மட்டும் கலந்துகொள்ளும் வினாடி வினா. நடத்துபவர் ராதிகா. 2020 ஜனவரியில், காது கேளாத, வாய் பேச இயலாத மதுரைப் பெண் ஒருவர் அதில் ஒரு கோடி ரூபாய் வென்றார். ஏறக்குறைய இருபது வருடமாகக் கதைக்குள் பெண்களின் துயரத்தைப் பேசிய முகம், எழுதிவைத்த வசனம் இல்லாமல் ஒரு நிஜப் பெண்ணின் எதிரே உட்கார்ந்து கண்கலங்கியது. அவருடைய டிவி வாழ்க்கையிலேயே எனக்கு மிகப் பிடித்த நேரம் அது.

2020 ஜனவரி 27 அன்று சன் டிவியில் 'சித்தி 2' தொடங்கியது. மறுபடி ஒன்பது மணி சுமாருக்கு ராதிகா. சாரதா என்ற பெயரே மறுபடி. இரண்டு மாதம்கூட நிம்மதியாக ஓடவில்லை. மார்ச்சில் ஊரடங்கு, படப்பிடிப்பு மொத்தமும் நின்றது. ஜூலை வாக்கில் கட்டுப்பாடுகளோடு ஆரம்பித்தபோது பல தொடர்களில் முகங்கள் மாறியிருந்தன. இங்கேயும் கணவராக நடித்த பொன்வண்ணன் இடத்தில் நிழல்கள் ரவி வந்தார். ராடானின் தொடருக்குள்ளேயும் அந்த வரி வந்தது.

2021 தொடக்கத்தில் ராதிகாவே விலகிக்கொள்வதாக அறிவித்தார். அவருக்குப் பதில் வேறொரு சாரதாவைக் கொண்டுவரவில்லை.  ஆனால் தொடர் நிற்கவில்லை. வெண்பா, கவின் என்ற இளம் ஜோடியைச் சுற்றிக் கதையைத் திருப்பினார்கள். தலைப்பில் 'சித்தி' இருந்தது, கதையில் சித்தி இல்லை. 2022 வரை அப்படியே ஓடியது. அவரைப் பதில் போடவில்லை, சரி. அவர் இல்லாமலேயே அந்த அரை மணி ஓடும் என்பது தெரிந்தது. 1999-ல் யாரும் இதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பழைய தொடர்கள் மட்டும் இன்றும் ராடான் வசம்தான். 'சித்தி'யும் 'வாணி ராணி'யும் கம்பெனியின் யூடியூப் சேனலில் எபிசோடு எபிசோடாகக் கிடைக்கின்றன. ஸ்லாட் காலத்தில் கைவிடாமல் வைத்துக்கொண்ட உரிமையின் பலன் அது. அந்த எபிசோடுகளில் அவரோடு நடித்த எத்தனையோ பெண்கள் அன்றைய நாளுக்கு அன்றைய சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள். யார் எத்தனை முறை பார்த்தாலும் அவர்களுக்கு அதில் பங்கு இல்லை.

ராடான் அதன்பின் மற்ற சேனல்களின் பக்கம் போனது. 2023-ல் விஜய் டிவியில் 'கிழக்கு வாசல்'. டைட்டில் கார்டில் கம்பெனியின் பெயர் உண்டு, நாயகி வேறொரு பெண். 2024-ல், பொதிகை பெயர் மாறி டிடி தமிழ் ஆன சமயத்தில், அங்கே 'தாயம்மா குடும்பத்தார்'. கட்டணம் கட்டி, விளம்பர நேரம் வாங்கி, அரை மணியைச் சொந்தமாக்கிக்கொள்ளும் வித்தையைத் தயாரிப்பாளர்கள் முதலில் கற்றது தூர்தர்ஷனில்தான். இருபத்தைந்து வருடம் கழித்து ராடான் போய் நின்றதும் அந்த வாசலில்தான்.